மதகுச் சத்தம்

மன்னார்குடி,
வைகாசி 22

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் தம்பி வீட்டுக் குதிரைக்குட்டிக்கு எக்கோ, அதாவது ஒலியலையால் எடுக்கும் இதயப் படம், எடுத்துப் பார்க்காமல் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நேற்று எடுத்துவிட்டோம். குட்டிக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது. பதறாதே, முழுவதும் படி.

மாசியில் குட்டி பிறந்த மறுநாளே போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று, தாயின் மடியை முட்டிப் பால் குடித்ததாகச் சொன்னார்கள். இடப்பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது லேசான இரைச்சல் கேட்டது. பிறந்த புதிதில் அது பல குட்டிகளுக்கும் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரலுக்கு வேலை இல்லை என்பதால், ரத்தம் அதைத் தவிர்த்துச் செல்ல ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அது அடைபட மூன்று நான்கு நாள் பிடிக்கும். அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குட்டி துள்ளி விளையாடியதால் யாரும் கூப்பிடவில்லை.

போன மாதம் தடுப்பூசி போடப் போனபோது வலப்பக்கமும் கேட்டேன். முன்னங்காலைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, முழங்கை மூட்டுக்கு உட்புறம் மார்பை ஒட்டிக் கையை நுழைத்தேன். ஸ்டெதாஸ்கோப் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. உள்ளங்கைக்குள் வண்டை மூடி வைத்தால் எப்படி அதிரும், அப்படி அதிர்ந்தது. கேட்டால், இதயத் துடிப்பின் முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் கரகரவென்று ஒரே இரைச்சல்.

குதிரைகளுக்குப் பிறவியிலேயே வரும் இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் முழுவதுமாக மூடாமல் நின்றுவிடுகிறது. இடது அறையில் அழுத்தம் அதிகம் என்பதால் ரத்தம் வலது அறைக்குப் பீறிடுகிறது. அதனால்தான் சத்தம் வலப்பக்கம் ஓங்கிக் கேட்கிறது. இடப்பக்கம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

உன் தம்பி கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு சத்தம் என்றால் ஓட்டை பெரிதா?" என்பது. நீடாமங்கலத்தில், ஆறு பிரியும் மூணாறு தலைப்பு மதகில் நாம் உட்கார்ந்திருந்த மாலைகளை நினைத்துக்கொள். ஷட்டரை ஒரு சாண் தூக்கியிருந்தால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. முழுக்கத் தூக்கிவிட்டால் ஆறே போகும், அந்த இரைச்சல் இருக்காது. இதயத்திலும் அப்படித்தான். சின்ன ஓட்டைதான் பெரும்பாலும் அதிகம் இரையும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம் சொன்னதில்லை. பல வருடங்களுக்கு முன் வேதாரண்யம் பக்கம் ஒரு குட்டியைப் பார்த்தேன். தாய் மேய்ந்துகொண்டே நகர்ந்தால் பின்னால் வர முடியாமல் படுத்துவிடும். இரைச்சல் மெல்லியதாகத்தான் இருந்தது. பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காம் மாதம் இறந்துபோனது. அறுத்துப் பார்த்தபோது சுவரிலிருந்த ஓட்டையில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. அன்று முதல் இரண்டு பக்கமும் கேட்காமல் எந்தக் குட்டியையும் விடுவதில்லை.

இந்தக் குட்டியின் ஓட்டை 8 மில்லிமீட்டர், உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வால்வுக்குச் சற்றுக் கீழே. அந்தத் தமனியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4.6 மீட்டர். 4 மீட்டரைத் தாண்டினால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்வோம். இரு அறைகளின் அழுத்தமும் இன்னும் தனித்தனியாக இருக்கிறது என்று பொருள். இதயம் வீங்கவில்லை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. 1888இல் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் மனிதர்களிடம் விவரித்த நான்கு இதயக் குறைகளும் சேர்ந்திருந்தால் ஈறு நீலம் பாரித்திருக்கும். அது இங்கே இல்லை.

ஆகவே இந்தக் குட்டி நன்றாக வாழக்கூடும். இவ்வளவு சின்ன ஓட்டையோடு பந்தயம் ஓடிய குதிரைகளும் உண்டு. ஆனாலும் ஏறிச் சவாரி செய்யும் முன் மறுபடி எக்கோ எடுக்க வேண்டும், அதன்பின் வருடம் ஒரு முறை. வால்வின் இதழ் ஓட்டைப் பக்கம் சரிந்து கசியத் தொடங்கலாம். துடிப்பின் சீர் குலையலாம். இது பெண் குட்டி. சந்ததிக்கும் போகக்கூடும் என்பதால் சினைக்கு விடக் கூடாது.

இப்போது நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குக் குட்டியைக் கொண்டுபோகப் போகிறானாம் உன் தம்பி. "பார்த்தால் தெரியவா போகிறது அண்ணே, நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்குகிறவன் இனவிருத்திக்கென்றே வாங்குவான், அல்லது சின்னப் பையனை ஏற்றி ஓட்டுவான். என் பேச்சை உன் தம்பி கேட்க மாட்டான், உன் பேச்சைக் கேட்பான். விற்கட்டும், ஆனால் சொல்லி விற்கட்டும். எக்கோ முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். வாங்குகிறவர் கையில் அது போக வேண்டும். விலை குறைந்து அவனுக்குக் கட்டுப்படியாகாது என்றால் குட்டியை நானே எடுத்துக்கொள்கிறேன். கொல்லையில் இடம் இருக்கிறது.

ஆனி பிறப்பதற்குள் அவனிடம் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்