கார்ஃப் கோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

போன வாரம் இங்கிலாந்தின் தெற்கே டார்செட்டில் இருக்கும் கார்ஃப் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம். இடிந்த கோட்டை என்றால் மழையிலும் வெயிலிலும் தானாகச் சிதைந்தது என்றுதான் நினைப்போம், இல்லையா? இதை 1646-இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் போட்டு, சுவர்களுக்கு அடியில் குழி தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்திருக்கிறார்கள். கோபுரங்கள் இன்றும் சாய்ந்து நிற்கின்றன, வாயில் கோபுரத்தில் ஒரு பாதி அப்படியே சரிவில் இறங்கி நிற்கிறது.

கட்டத் தொடங்கியது பதினோராம் நூற்றாண்டில், இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் காலத்தில். ஜான் மன்னன் இதைச் சிறையாகவும் வைத்திருந்தான், பிடிபட்ட வீரர்கள் 22 பேரை இங்கே பட்டினி போட்டே கொன்றான் என்கிறார்கள். ஆனால் என் மனசில் நிற்பது பிற்காலத்தில் கோட்டைக்குச் சொந்தக்காரியாக இருந்த மேரி பேங்க்ஸ்தான். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அவர் கணவர் மன்னர் பக்கம் போயிருக்க, 1643-இல் நாடாளுமன்றப் படை வந்து முற்றுகையிட்டது. மகள்களையும் பணிப்பெண்களையும் கொஞ்சம் வீரர்களையும் வைத்துக்கொண்டு, ஏணி வைத்து ஏறியவர்கள் மேல் கல்லும் நெருப்புக் கங்கும் கொட்டி ஆறு வாரம் தாக்குப்பிடித்தார்! அடுத்த வருஷமே கணவர் இறந்துபோனார், அப்புறமும் அவர் கோட்டையை விடவில்லை. 1646-இல் உள்ளே இருந்த அதிகாரி ஒருவனே, உதவிப் படை என்று சொல்லி எதிரிகளை உள்ளே விட்டதால்தான் கோட்டை விழுந்தது. நேருக்கு நேர் நின்று யாராலும் பிடிக்க முடியாததைக் காட்டிக்கொடுத்துப் பிடித்தார்கள், பிடித்த கையோடு இடித்தும் விட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோட்டைச் சாவிகளை மட்டும் அவரே வைத்துக்கொள்ள விட்டார்களாம். மகன் ரால்ஃப் பின்னால் கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் அவை இன்றும் தொங்குகின்றன. உதிர்ந்த கற்களை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள், அதனால் ஊருக்குள் நடந்தாலும் கோட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம். அந்தக் குடும்பத்தின் வாரிசு ஒருவர் 1981-இல் இறந்தபோது, எல்லாவற்றையும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு உயில் எழுதி வைத்துவிட்டார். இப்போது டிக்கெட் வாங்கி யாரும் போகலாம்.

சரி, நீ வரும்போது முதலில் கார்ஃப், அப்புறம் சாவிகள். புல்மேடு மழையில் வழுக்கும், நல்ல ஷூவாகக் கொண்டுவா.

அன்புடன்,
உன் நண்பன்