ஆற்றுநீரைக் கணக்கில் வையுங்கள்: டர்பன் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதைச் சுற்றியும் உள்ள கோயில்களின் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கரகம் எடுக்கவும் காவடி கட்டவும் நாம் கூடும் ஆறுகளின் நீரைத் தொடர்ந்து சோதித்துப் பதிவு செய்யும் வேலையை, அந்தந்தக் கோயிலே ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அரசின் கடமையைக் கோயிலின் தலையில் கட்டுவதா என்று சிலர் கேட்கக்கூடும். கடமை அரசுடையதுதான், ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்கு நம் கையில் பதிவு வேண்டும்.

உம்பிலோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1875இல் அதன் கரையில் எழுந்த கோயில் வெள்ளத்தில் அழிந்ததும், 1947இல் பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயமாக மீண்டும் எழுந்ததும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஆறு நியூ ஜெர்மனி, பைன்டவுன் தொழிற்பேட்டைகளின் பக்கமாக வந்து, பாரடைஸ் வேலியைக் கடந்து, துறைமுகக் குடாவில் சேர்கிறது. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் இங்கே தனித்தனி என்பதால், ஒரு தொழிற்கூடத்து முற்றத்தைக் கழுவிவிட்ட நீர் வடிகாலில் இறங்கினால் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே ஆற்றுக்குப் போய்விடும். இசிப்பிங்கோ ஆற்றின் நிலை இன்னும் மோசம். உம்லாசி ஆற்றைக் கால்வாய் வெட்டிக் கடலுக்குத் திருப்பிய பிறகு, பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தக் கழிமுகத்துக்கு, விழுகிற அழுக்கை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு நன்னீர் வருவதில்லை.

2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்தபோது, தீயணைத்த நீரோடு கலந்த நஞ்சு ஓடை வழியே உம்லாங்கா கழிமுகம் வரை இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன, கடற்கரைகள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் வெள்ளம் கழிவுநீர் நிலையங்களைச் சிதைத்ததில் ஈ. கோலை என்னும் மலக் கிருமியின் அளவு ஏறி, கடற்கரைகள் மறுபடியும் மூடப்பட்டன. இவை எல்லார் கண்ணிலும் பட்டவை. என் கவலையெல்லாம் மழையோடு மழையாக இரவில் திறந்துவிடப்பட்டு, விடிவதற்குள் தடமின்றிப் போய்விடும் கழிவைப் பற்றியது.

பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் நீர், பிடித்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும். கல்லுக்கடியில் வாழும் சிற்றுயிர்களோ வாரக்கணக்கில் அந்த நீரிலேயே கிடப்பவை. அவற்றைக் கொண்டு ஆற்றை மதிப்பிடும் மினிசாஸ் முறை நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உருவானது. பள்ளிப் பிள்ளைகளாலும் செய்ய முடிந்தது. ஓடும் நீரில் வலையைப் பிடித்து, காலால் கற்களைக் கிளறி, ஐந்து நிமிடத்தில் சிக்கியதை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிப் பார்க்க வேண்டும். முதலில் மண்ணும் இலைச் சக்கையும்தான் தெரியும். மண் படியும்வரை பொறுத்தால், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க, வால் இழைகளை ஆட்டிக்கொண்டு மே பூச்சியின் இளம்பருவம் நகர்வது தெரியும். மொத்தம் 13 வகைகளுக்கு மதிப்பெண் உண்டு: தூய நீரை விட்டால் பிழைக்காத கல் ஈக்கு 17, எந்தச் சாக்கடையையும் தாங்கும் புழுவுக்கு 2. கிடைத்த வகைகளின் மதிப்பெண்களைக் கூட்டி வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை வந்துவிடும்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கொட்டப்பட்ட இரசாயனம் எது என்று அது சொல்லாது, நோய்க்கிருமியைக் காட்டாது, கழிமுகத்திலும் தேங்கிய நீரிலும் செல்லாது என்பதால், இசிப்பிங்கோக்காரர்கள் ஆற்றின் மேற்பகுதிக்குத்தான் போக வேண்டும். கிருமிக்கு ஆய்வகச் சோதனை தவிர வேறு வழியில்லை. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 130 மலக் கோலிஃபார்ம் கிருமிகளுக்கு மேல் இருக்கலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டி. ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்போ 1000. அதாவது, சட்டப்படி சுத்தமாக வெளியேறும் நீரில்கூட, ஆற்றுநீர் போதிய அளவு கலந்தாலொழிய, நம் பிள்ளைகளை இறக்க முடியாது.

எங்கே சோதிப்பது என்பதில் கவனம் வேண்டும். கழிவு வந்து விழும் குழாய் வாய்க்கு ஆற்றோட்டத்தின் மேல்புறம் ஓரிடம், கீழ்ப்புறம் ஓரிடம், இரண்டையும் ஒரே காலையில் பார்க்காவிட்டால் அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதை யாராலும் நிறுவ முடியாது. கற்களில் ஈரப் பஞ்சு போலச் சாம்பல் நிறப் படலம் படர்ந்திருந்தால், அது சாக்கடை கலப்பதன் அடையாளம்; தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

1998 தேசிய நீர்ச் சட்டத்தின்படி ஆற்றில் கழிவு விடுவதற்கு அனுமதி வேண்டும். விபத்தாக நஞ்சு கலந்தால் பொறுப்பானவரே உடனே அறிவிக்க வேண்டும். அந்த அனுமதிகளின் நிபந்தனைகளையும் சோதனை முடிவுகளையும் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தனி ஆள் எழுதும் கடிதத்தைவிட, ஓராண்டுப் பதிவை இணைத்துக் கோயில் முத்திரையோடு போகும் விண்ணப்பத்தைத் தட்டிக்கழிப்பது கடினம். அதற்கு முன், காவடி முடிந்து நாம் கரையில் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் பைகளையும் துணிகளையும் நாமே அள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆலைக்காரர் நம்மைத்தான் முதலில் கைகாட்டுவார்.

ஒவ்வொரு குழுவும் இளைஞர் இருவரை இப்பணிக்கு நியமித்து, வரும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முதல் சோதனையை முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மழையில்லாத அந்த மாதங்களில் ஆற்றில் நீர் குறைந்து, குழாயிலிருந்து வருவது நீர்த்துப்போகாமல் அப்படியே தெரியும்.

இப்படிக்கு,
டர்பன் பக்தர் ஒருவர்