ரசமட்டத்தை நம்பிப் பறந்தவர்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாடி எழும்புகிறது என்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொத்தனார் வரிக்கு வரி ரசமட்டம் வைத்துப் பார்ப்பதால் வேலை நகரவில்லை என்று குறைப்பட்டிருந்தாய். அவரை அவசரப்படுத்தாதே. ரசமட்டத்தை நம்பி அட்லாண்டிக் மேல் பறந்த இருவரைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்கப் படித்தேன்.

1922. போர்ச்சுகல் கடற்படையைச் சேர்ந்த சக்காதுரா கப்ரால் விமானத்தை ஓட்ட, 53 வயது காகோ கூட்டின்யோ வழி சொன்னார். கப்பலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடிப்பவர்கள் சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவிலுள்ள கோணத்தை அளப்பார்கள். ஆகாயத்திலோ மேகமும் மூட்டமும் தொடுவானத்தை மறைத்துவிடும். கூட்டின்யோ செக்ஸ்டன்டிலேயே ஒரு ரசமட்டத்தைப் பொருத்திவிட்டார். குமிழி நடுவில் நின்றால் அதுதான் தொடுவானம்! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து கிளம்பி அவர்கள் தேடியது செயின்ட் பீட்டர், செயின்ட் பால் பாறைகளை. சுமார் 1,700 கி.மீ. தள்ளி, நடுக்கடலில், எல்லாம் சேர்ந்தும் ஐந்து ஏக்கர் தேறாத கற்கள். கோணத்தில் ஒரு கலை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினாலே கிட்டத்தட்ட 2 கி.மீ. விலகிவிடும். பதினொரு மணி நேரத்துக்கும் மேல் பறந்து, எரிபொருள் அநேகமாகத் தீர்ந்த நேரத்தில், ஏப்ரல் 18 அன்று அந்தப் பாறைகளைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். கடலில் இறங்கும்போது மிதவை உடைந்து விமானம் மூழ்கியது. காத்திருந்த போர்க்கப்பல் இருவரையும் மீட்டது. பிறகு வேறு விமானங்களில் தொடர்ந்து, ஜூன் 17 அன்று பிரேசிலின் ரியோ போய்ச் சேர்ந்தார்கள். விமானம் போனாலும் கருவி ஜெயித்தது என்றுதான் நான் சொல்வேன்.

குமிழியிலும் ஒரு தொல்லை உண்டு. விமானம் குலுங்கினால் அதுவும் ஓடும். அதனால் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்த மார்க் 9ஏ செக்ஸ்டன்ட், இரண்டு நிமிடத்தில் 60 முறை அளந்து சராசரி எடுத்தது. ஆரம்பகால போயிங் 747-இன் காக்பிட் கூரையில்கூட செக்ஸ்டன்டுக்கென்று ஒரு துவாரம் இருந்ததாம்.

கப்ரால் 1924-இல் வட கடல் மேல் பறந்தபோது காணாமல் போனார். கூட்டின்யோ 1959 வரை இருந்தார். நண்பனை இழந்த அந்த 35 வருஷத்தைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, அடுத்த மாதம் வருகிறேன். அன்று கொத்தனாரை இருக்கச் சொல். அவருடைய ரசமட்டத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

உன்
ராஜாராம்