வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் விழா நல்லபடியாக முடிந்தது. புத்தகங்கள் வைக்க ஒரு பீரோ வாங்கினோம்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி தொழிலதிபர் அருட்செல்வர் நா. மகாலிங்கம் பற்றிய உரைத் தொடர். "பொள்ளாச்சியில் அவரைத் தெரியாதவர் யார், இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தெரிந்தது பாதிதான். சக்தி சர்க்கரை ஆலை தெரியும், ஏபிடி பார்சல் தெரியும், குமரகுரு கல்லூரி தெரியும், 2007இல் கிடைத்த பத்மபூஷணும் தெரியும். ஆனால் 1952, 1957, 1962 மூன்று தேர்தல்களிலும் இதே தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்துச் சட்டமன்றத்தில் இருந்தவர் என்பது, வந்திருந்த இளைஞர்கள் பலருக்குப் புதுச் செய்தி.

அந்த 15 ஆண்டுகளைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆலை கட்டப் பணமும் திறமையும் போதும். மேற்கே ஓடிய ஆறுகளைக் கிழக்கே திருப்ப இரண்டு மாநிலங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படித் திருப்பும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காகக் காமராஜர், சி. சுப்பிரமணியம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் ஆகியோருடன் அவரும் நின்றார். 1961இல் நேரு தொடங்கி வைத்தார். கேரளத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல்தான். இன்று பாசனப் பகுதியை மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தரும் தண்ணீரை வாங்கும் நம் உறுப்பினர்கள் இதை மறக்கக் கூடாது.

அரசியலை விட்டபின் தொழிலுக்கு வந்தார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஏபிடி பஸ் கம்பெனி அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் காலத்திலேயே இருந்தது. சக்தி சுகர்ஸ் கம்பெனி 1961இல், அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோதே பதிவானது. 1967க்குப் பிறகு முழு நேரமும் தொழில் பக்கம் போயிற்று, அவ்வளவுதான். அப்புறம் 1972இல் தனியார் பஸ்களை அரசு நாட்டுடைமையாக்க, ஏபிடி பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகமாயின. குடும்பத்தின் ஆணிவேரான தொழில் கையைவிட்டுப் போன பிறகும் சர்க்கரை, லாரி, கல்லூரி என்று அவர் விரிந்ததுதான் அவருடைய தொழில் தலைமைக்குச் சான்று.

இந்தப் பஸ் கதையைச் சொல்ல அந்தக் காலத்து ஓட்டுநர் ஒருவர், தள்ளாத வயதில், சொந்தச் செலவில் வந்தார். அன்று நம் நாற்காலிகளில் பெரும்பாலானவை காலி. முன்கூட்டியே தபால் அட்டை போட்டோம், வாட்ஸ்அப்பிலும் நினைவூட்டினோம். "கண்டிப்பாக வருகிறோம்" என்று எழுதியவர்களே வரவில்லை. பெரியவரிடம் என்ன பதில் சொல்வது? மனம் வருந்தித்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

சந்தா நிலையும் அப்படியே. பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுக்குச் செலுத்தவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கும் பாக்கி. உரைத் தொடருக்கு அதிகம் செலவானதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. மண்டப வாடகையும் தேநீரும் தவிர வேறு செலவில்லை. வரவுக்குள் செலவு அடங்கியது, சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

உரைகளைச் சிறு நூலாக அச்சிட எண்ணம். கைப்பிரதி தயார், இருக்கும் தொகை அச்சுக்கூலிக்குப் போதாது. வீட்டில் அந்தக் காலத் தேர்தல் நோட்டீஸ், வாய்க்கால் வெட்டிய நாள் புகைப்படம், பழைய பஸ் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்தால் நகலெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவேன். சந்தா பாக்கியை இம்மாதக் கடைசிக்குள் செலுத்தினால் நூல் வேலையைத் தொடங்கிவிடலாம். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் கணக்கையும் கைப்பிரதியையும் அன்றே ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்