நாலரை மணி அலாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடங்களாக விலங்கியல் நடத்துகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காலை 5.30 மணிக்கே டியூஷன். அப்புறம் பள்ளி, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவு வீட்டுப்பாடம். படுக்கப் பதினொன்றரை ஆகிறது. நாலரைக்கு அலாரம்.

போன வாரம் ஒரு மாணவியின் நோட்டைத் திருத்தினேன். டிஎன்ஏ இரட்டிப்பாதலை அழகாக எழுதிக்கொண்டே வந்தவளின் கையெழுத்து, நடு வரியில் கோணலாகி, பேனாக் கோடு பக்கத்தின் அடிவரை இறங்கியிருந்தது. அதன் கீழே அதே வரியை மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறாள். கேட்டதற்கு, "தூங்கிட்டேன் மிஸ், சாரி" என்கிறாள். அந்தக் குழந்தை எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவர்களுக்குக் கிடைப்பது 5. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிவிடுகிறது, அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. படுக்கையில் செல்போன் பார்த்தால் இன்னும் தள்ளிப்போகும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தைக் குறைத்தால் படித்ததும் சேர்ந்து போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, எடை ஏறுகிறது. தலைவலி, எரிச்சல், காரணமில்லாத அழுகை, அடிக்கடி சளி காய்ச்சல் என்று வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படிச் சொன்ன நம் தாத்தா பாட்டி எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தவர்கள்.

கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து, பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே அவ்வளவு கூட வேண்டாம். காலை 7 மணிக்கு முன் டியூஷன், சிறப்பு வகுப்பு எதுவும் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். எங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளி நிறுத்தினால் நாங்களும் நிறுத்துகிறோம் என்றார்கள். பக்கத்துப் பள்ளியிலும் அதே பதில்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.