ரொட்டி காத்தவரே 'லார்ட்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டிக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வரும் ஆங்கிலச் சொல் விளக்கங்களை, மாலையில் என் வீட்டுக்குப் படிக்க வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அந்தப் பகுதி குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு மாணவி தன் தேர்வுக் கையேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'லார்ட்', 'ஏர்ல்', 'பேரன்', 'டியூக்' ஆகிய நான்கு சொற்களுக்கும் எதிரே 'பிரபு' என்ற ஒரே பொருள் அச்சாகியிருந்தது. "நாலுக்கும் ஒரே அர்த்தம்னா எதுக்கு டீச்சர் நாலு வார்த்தை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கையேட்டில் அதற்கு விடை இல்லை.

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து, 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்று சில தலைமுறைகள் கழியும் வரை அங்கே வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். 'லார்ட்' அந்த மொழிக்கு உரிய சொல். ரொட்டியைக் குறிக்கும் 'ஹ்லாஃப்', காவலரைக் குறிக்கும் 'வெயர்ட்' என்ற இரண்டும் சேர்ந்து, தேய்ந்து, 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, பிறகு 'லார்ட்' ஆயிற்று. ரொட்டியைக் காப்பவர் என்பதே அதன் பொருள். 'லேடி' என்ற சொல்லும் ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்ற பொருளில் பிறந்ததுதான். அன்றைய இங்கிலாந்தின் சிற்றரசுகளில் ஒன்றான கென்ட் நாட்டு அரசர் எத்தல்பெர்ட்டின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில், ஒருவரை அண்டிப் பிழைக்கும் ஆளுக்கு 'ரொட்டி உண்பவர்' என்றே பெயர் இருக்கிறது.

இதைச் சொன்னதும் அந்தப் பெண், "எங்க சம்மாட்டி மாதிரியா டீச்சர்?" என்றாள். வகுப்பறையில் இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லத் தவறிய விளக்கம் அது. எங்கள் கரையில் சம்மாட்டி என்பவர் படகும் வலையும் உடையவர். கடலுக்குப் போக முடியாத நாட்களில் ஆட்களின் வீட்டு அரிசிக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுப்பவர். படகு கரை சேர்ந்ததும், மீன் ஏலத்துக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு கை கறிமீனை அள்ளி ஓலைப்பெட்டியில் போடச் சொல்பவர். 'நமக்குப் படியளக்கிறவர்' என்று வீட்டுப் பெண்கள் அவரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த முன்பணமே தீராக் கடனாகிக் கழுத்தை நெரித்த குடும்பங்களையும் அறிவேன். ரொட்டி காத்தவரும் ரொட்டி உண்டவரும் எந்த நாட்டிலும் சமமாக இருந்ததில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சேர்த்தே சொன்னேன். 'காவலர்' என்ற சொல் பதவிப் பெயராவதும் நமக்குப் புதிதன்று. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குச் சேது காவலர் என்ற பெயரும் உண்டு.

மற்ற மூன்று சொற்களில் 'ஏர்ல்' மட்டுமே பழைய ஆங்கிலச் சொல். 'டியூக்', 'பேரன்' இரண்டும் நார்மானியர் வருகைக்குப் பின் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவை. இன்றும் ஏர்லின் மனைவிக்கு 'கவுன்டஸ்' என்ற பிரெஞ்சு வழிப் பெயரே வழங்குகிறது. 'நைட்' என்ற வீரப்பட்டம் முதலில் சிறுவனையும் ஏவலாளனையும் குறித்தது. நம் 'பிள்ளை' என்ற சொல் மதிப்புக்குரிய பட்டமாக உயர்ந்ததைப் போல அதுவும் உயர்ந்தது.

மிகுதியைக் குறிக்கும் சொற்களுக்கு வந்தால் நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கம். "ரொம்ப ஓவராப் பேசாதே" என்று எங்கள் கடற்கரையில் சொல்லாத வீடில்லை. அந்த 'ஓவர்', பழைய ஆங்கிலத்தில் அளவு மீறிய எதற்கும் முன்னே ஒட்டிய சொல். பெருந்தீனிக்கும் மிதமிஞ்சிய குடிக்கும் அதைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். 991ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரையில், மால்டன் என்ற இடத்தில், வடக்கிலிருந்து கப்பலில் வந்த கொள்ளையரான வைக்கிங்குகளுடன் நடந்த போரில், கடல் வற்றும்போது மட்டும் நடக்கக்கூடிய ஒரு குறுகிய வழியை மூன்று ஆங்கிலேய வீரர்கள் காத்து நின்றார்கள். எதிரிகள் தங்களைக் கரைக்கு வரவிட்டுப் போர் செய்யுமாறு கேட்க, ஆங்கிலேயரின் தலைவர் பிர்ட்னாத் வழிவிட்டார், போரில் மாண்டார். 'ஓவெர்மோட்' காரணமாக அவர் நிலத்தை அளவுக்கு மேல் விட்டுக்கொடுத்தார் என்கிறது அந்தப் போரைப் பாடும் பழம்பாட்டு. 'மோட்' என்றால் மனம், ஊக்கம். மிஞ்சியது செருக்கா துணிச்சலா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஓதமும் வற்றமும் பார்த்துத் தொழில் செய்கிறவர் வீட்டுப் பிள்ளைகள், செருக்குத்தான் என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

அன்றைய ஆங்கிலேயர் 'மிகவும்' என்பதற்கு 'ஸ்வித' என்றார்கள். வலிமையாக என்பது அதன் அடிப்படைப் பொருள். வலக்கையை அவர்கள் 'வலிமை மிக்க கை' என்று அதே சொல்லால் குறித்தார்கள். தமிழில் 'வலம்' என்பதற்கும் வலிமை என்ற பொருள் உண்டு. பின்னாளில் 'ஸ்வித' மறைய, உண்மையான என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த 'வெரி' அந்த இடத்தைப் பிடித்தது. நாம் 'சரியான மழை', 'சரியான வெயில்' என்பதும் இதே வழிதான். 'ஃபுல்' என்பதையும் அவர்கள் மிகுதிக்குப் பயன்படுத்தினார்கள். நம் 'நிரம்ப' என்பது 'ரொம்ப' ஆனதை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப் பொருள் தருவன என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது. அவற்றில் 'நனி' இன்று மேடைப் பேச்சில் எப்போதாவது காதில் விழுகிறது, 'தவ' பேச்சிலேயே இல்லை.

ஆங்கிலம் மேலானவர்களின் மொழி என்ற அச்சம் எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. மேன்மையைக் குறிக்கும் அதன் சொற்களே அடுப்படியிலும் ஏவல் வேலையிலும் பிறந்தவை என்று தெரியும்போது அவர்களின் முகம் மாறுவதை நேரில் பார்க்கிறேன். ஆகவே மாணவர் பகுதியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தரும்போது, அது பிறந்த கதையை இரண்டு வரியிலாவது சேர்த்து, நம் பேச்சு வழக்கில் அதற்கு நிகரான சொல் இருந்தால் அதையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவி கையேட்டில் 'லார்ட்' என்பதற்கு எதிரே இருந்த 'பிரபு'வின் பக்கத்தில் 'படியளந்தவர்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் தருவார்களா என்று கேட்கிறாள். தங்கள் நாளிதழில் ஒரு முறை அச்சில் வந்துவிட்டால், கத்தரித்து வைத்துக்கொண்டு தன் ஆசிரியரிடம் காட்ட அவளிடம் ஒரு தாள் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தொண்டி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.