நான் என்ன வினை விதைத்தேன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எய்ட்ஸ் தினத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், ‘வினை விதைத்தவர்கள் வினையறுக்கிறார்கள்’ என்று ஒரு வரி. இருபது வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

1997-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு டிரைவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் ஊர் திரும்ப ஆறு மாதம் ஆகும். 2000-இல் அவருக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோதுதான் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்றார்கள். அடுத்த தை மாதம் போய்விட்டார். அவரையும் நான் வினை விதைத்தவர் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் வண்டியே வீடாகக் கிடந்த மனுஷனுக்கு ஆணுறை பற்றி ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாமியார் என் டம்ளரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார். “அம்மிணி, இதுதான் உன்றது, மத்ததைத் தொடாதே” என்றார். கோடு பாதி உதிர்ந்த அந்த டம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்புறம் ஒரு பத்திரிகை என் முகத்தை மறைத்துவிட்டு, ஊர்ப் பெயரையும் வீட்டுக்காரர் தொழிலையும் அச்சடித்தது. முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? பள்ளிக்கூடத்தில் என் மகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். அவளுக்கு எச்.ஐ.வி. கிடையாது.

2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இரவு பஸ் ஏறித் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வந்தேன். அந்தப் பழைய மாத்திரையில் கன்னம் ஒட்டியது, பாதம் எரிந்தது. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே மாத்திரை. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில் அது ஒரு வரி இல்லை.

நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா 1998-இல் எங்களைப் போன்ற பெண்களுக்காகச் சங்கம் தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் நானும் வெளியே வந்தேன். மருந்தை நடுவில் விட்டவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறேன். போன மாதம் சங்ககிரிப் பக்கம் ஒரு பெண், மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். உங்கள் வரியை அவள் மாமனார் சத்தமாகப் படித்தால், அடுத்த வேளை மாத்திரையை அவள் எங்கே வைப்பாள்?

எங்களை ஒதுக்குவதும், அனுமதியில்லாமல் எங்கள் நிலையை வெளியில் சொல்வதும் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. நான் வழக்குப் போடக் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ‘எய்ட்ஸ் நோயாளிகள்’ என்பதற்குப் பதில் ‘எச்.ஐ.வி. உள்ளோர்’ என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு அதில் பயமில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வாசகி,
திருச்செங்கோடு வட்டம்.